'இயம்' என்று முடியும் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன். தனிம வரிசை அட்டவணையைச் சுவரில் மாட்டிய முதல் நாளே ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "ஐயா, ஏன் எல்லாமே இயம் இயம் என்று முடிகிறது?" என்று கேட்டுவிடும். கேள்வி அங்கேயே நிற்பதில்லை. ஸ்டேடியம், ஹார்மோனியம், பிரீமியம், காரியம், பெண்ணியம் என்று நீண்டுகொண்டே போகும். இத்தனை ஆண்டுகளில் மாணவர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளையும், தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட விடைகளையும் இங்கே ஒன்றாக வைக்கிறேன்.

சோடியம், ஸ்டேடியம், பிரீமியம், ஹார்மோனியம் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே 'இயம்' தானா?

எழுத்தில் ஒன்றுதான், வந்த வழிதான் வேறு வேறு. பிரீமியம் பழைய ரோமானியர் வாயில் புழங்கிய சொல். ஸ்டேடியம் கிரேக்கர்களுடையது, ரோமானியர் அதைக் கடன் வாங்கித் தங்கள் விகுதியை மாட்டினார்கள். சோடியம் 1807இல் லண்டனில் ஒரு வேதியியலாளர் உருவாக்கியது. ஹார்மோனியம் 1842இல் பாரிசில் ஓர் இசைக்கருவிக் கைவினைஞர், அலெக்சாந்தர் தெபேன், தம் கருவிக்குக் காப்புரிமை வாங்கியபோது வைத்த பெயர். சீசர் காலத்து ரோமானியர் எவரும் சோடியத்தையோ ஹார்மோனியத்தையோ கேள்விப்பட்டிருக்க முடியாது. ஆனாலும் அந்தப் பெயர்களைக் கேட்டால் அவை தம் மொழியின் அஃறிணைப் பெயர்கள் என்று உடனே கண்டுகொள்வார். அவ்வளவு உறுதியான முத்திரை இந்த விகுதி.

லத்தீனில் இதற்கு என்ன வேலை?

ரோமானியரின் மொழியான லத்தீனில் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத பால் என மூன்றாகப் பிரியும். அந்த மூன்றாவது பாலின் எழுவாய் ஒருமை பெரும்பாலும் 'உம்' என்று முடியும். அதற்கு முன்னால் ஓர் இகரம் சேர்ந்து 'இயும்' ஆனால் புதுப் பெயர்ச்சொல் பிறக்கும். நம் நாவில் அது 'இயம்' ஆகிவிட்டது.

வினையிலிருந்து பெயரை உண்டாக்குவதுதான் இதன் முதல் தொழில். மகிழ் என்ற வினையிலிருந்து 'கவுடியும்', மகிழ்ச்சி. ஆணையிடு என்பதிலிருந்து 'இம்பெரியும்', ஆட்சி அதிகாரம். கட்டு என்பதிலிருந்து 'எடிஃபீகியும்', கட்டடம். செயல், செயலின் விளைவு இரண்டையுமே இந்த விகுதி தாங்கும். தமிழில் 'கட்டு' என்பதிலிருந்து 'கட்டடம்' வருவதும் 'ஓடு' என்பதிலிருந்து 'ஓட்டம்' வருவதும் போல என்று நினைத்துக்கொண்டால் போதும்.

ஒரு நிலையையோ குழுவையோ குறிப்பது இரண்டாவது. உடன் பணிசெய்பவர் 'கொல்லேகா'. அத்தகையோர் சேர்ந்த சங்கம் 'கொல்லேகியும்'. நம் ஊர்க் கல்லூரிகளின் பெயர்ப்பலகையில் இருக்கும் 'காலேஜ்' இதுவேதான்.

இரண்டு சொற்களை ஒட்டி ஒரு பொருளாக்குவதும் உண்டு. ஆயிரம் என்பதும் ஆண்டு என்பதும் கூடி மில்லேனியம்.

பிரீமியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பீட்டுக்குக் கட்டும் தவணையாகத்தான் நமக்கு அதைத் தெரியும். லத்தீனில் அது 'முன்னால்' என்பதும் 'எடு' என்பதும் சேர்ந்த சொல்; மற்றவருக்கு முன்பாக எடுத்துக்கொள்ளும் பங்கு, போரில் கிடைத்த பரிசு என்பது பொருள். பரிசு வாங்குவதைக் குறித்த சொல் பணம் கட்டுவதைக் குறிக்கும்படி ஆனது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

ஆடிட்டோரியம், அக்வேரியம் போன்றவற்றில் இருப்பது தனி விகுதியா?

இதே விகுதிதான், முன்னால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு நிற்கிறது. 'ஏரியம்' என்று முடிந்தால் ஒன்றை வைத்திருக்கும் இடம்: நீருக்கு அக்வேரியம், உலர்ந்த செடிகளுக்கு ஹெர்பேரியம். ரோமானியர் காலத்து அக்வேரியத்தில் மீன் இல்லை. அது மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் இடம். கண்ணாடித் தொட்டி என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் ஏறியது.

'டோரியம்' என்று முடிந்தால் ஒரு செயல் நடக்கும் இடம். கேட்பதற்கு ஆடிட்டோரியம், குணமாவதற்குச் சானடோரியம். தாம்பரம் வழியாக மின்சார ரயிலில் போகிறவர்கள் ஒவ்வொரு நாளும் இந்த விகுதியை ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். காசநோய்க்குச் சரியான மருந்தே இல்லாத காலத்தில், நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும்தான் சிகிச்சை என்று நம்பி, 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே ஒரு காசநோய் இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது. ரயில் நிலையத்தின் பெயரில் மட்டும் பழைய 'சானடோரியம்' அப்படியே இருக்கிறது. 'குணமாகும் இடம்' என்று பொருள்படும் ஒரு ரயில் நிலையப் பெயர் எவ்வளவு அழகானது!

கிரேக்கத்தில் இருந்து வந்தவை எவை? அங்கே பொருள் வேறா?

கிரேக்கத்தில் இதன் இணை 'இயோன்'. ரோமானியர் கிரேக்கச் சொற்களை எடுத்தபோதெல்லாம் 'இயோன்' என்பதை 'இயும்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஸ்டேடியம், ஜிம்னாசியம், சிம்போசியம், எம்போரியம், கிரேனியம் எல்லாம் இப்படி வந்தவை.

ஸ்டாடியோன் முதலில் ஒரு நீட்டல் அளவை. 600 கிரேக்க அடி. ஒலிம்பியாவில் ஓட்டப் பந்தயம் அந்தத் தொலைவுக்கு நடந்தது, ஏறக்குறைய 192 மீட்டர். அளவின் பெயர் பந்தயத்துக்கு ஆகி, பந்தயத்தின் பெயர் களத்துக்கு ஆயிற்று. ஜிம்னாசியோன் என்பதற்குள் 'ஆடையில்லாத' என்ற சொல் இருக்கிறது. கிரேக்க இளைஞர்கள் அப்படித்தான் உடற்பயிற்சி செய்தார்கள். சிம்போசியோன் என்றால் கூடிக் குடித்தல். பல்கலைக்கழகங்களில் தேநீரும் பிஸ்கட்டுமாக நடக்கும் ஆய்வரங்குகளுக்கு அந்தப் பெயர் வந்தது, பழைய கிரேக்கர்கள் விருந்துக்குப் பின் மது அருந்தியபடியே தத்துவம் பேசியதால்.

கிரேக்க விகுதிக்கு லத்தீனில் இல்லாத ஒரு மென்மையும் உண்டு: ஒன்றைச் சிறிதாக்கிச் சொல்லும். கோல் என்பதிலிருந்து 'சின்னக் கோல்' என்ற பொருளில் 'பாக்டேரியோன்'. ஜெர்மானிய இயற்கையியலாளர் ஏரன்பெர்க் 1828இல் நுண்ணோக்கியின் அடியில் குச்சி குச்சியாகத் தெரிந்த உயிர்களுக்கு அந்தப் பெயரை வைத்தார். பிறகு உருண்டையானவை, சுருளானவை எல்லாவற்றுக்கும் பாக்டீரியா என்பதே பொதுப்பெயர் ஆயிற்று.

இந்த வரிசையில் நமக்கு மிக நெருக்கமானது எம்போரியம். வழிப்போக்கு வணிகர் 'எம்போரோஸ்'. அவர் வந்து இறங்கும் வணிகத்துறை 'எம்போரியோன்'. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூலில் நம் கடற்கரையின் ஊர்கள் சிலவற்றுக்கு இந்தச் சொல் அடைமொழியாகவே வருகிறது: முசிறிஸ் எம்போரியோன், கபேரிஸ் எம்போரியோன், பொதுகே எம்போரியோன். கபேரிஸ் என்பது காவிரிப்பூம்பட்டினம். பொதுகேயைப் புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டோடு பல ஆய்வாளர்கள் இணைக்கிறார்கள். இன்று தமிழக அரசின் கைவினைப் பொருள் விற்பனை நிலையங்களுக்குப் 'பூம்புகார்' என்று பெயர். எம்போரியம் என்று கிரேக்கர் அழைத்த ஊரின் பெயரை, நாம் திரும்பவும் ஓர் எம்போரியத்துக்கு வைத்திருக்கிறோம். பெயர் வைத்தவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்களோ என்னவோ, எனக்கு அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் தாலமி நினைவுக்கு வருகிறார்.

தனிமங்களுக்கு ஏன் இந்த முடிவு? யார் தொடங்கியது?

பழைய உலோகங்களின் லத்தீன் பெயர்களைப் பாருங்கள். தங்கம் 'அவ்ரும்', வெள்ளி 'அர்கென்டும்', இரும்பு 'ஃபெர்ரும்', செம்பு 'குப்ரும்', ஈயம் 'பிளும்பும்'. எல்லாமே 'உம்'. ஆகவே புதிதாக ஓர் உலோகம் கிடைத்தால் அதன் பெயரும் அப்படியே முடிய வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் கிளாப்ரோத் யுரேனியம், டைட்டானியம், டெலூரியம் என்று பெயர் வைத்தார். யுரேனியத்துக்கு மூலம், 1781இல் ஹெர்ஷெல் கண்டறிந்த யுரேனஸ் கோள்.

இந்த வழக்கத்தை விதியைப் போல நிலைநாட்டியவர் ஹம்ப்ரி டேவி. 1807 அக்டோபரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், உருக்கிய பொட்டாஷ் காரத்துக்குள் மின்சாரத்தைச் செலுத்தினார். பாதரசத்தைப் போல மின்னும் சிறு உருண்டைகள் தோன்றின. சில வெடித்து எரிந்தன. சில நாட்களில் சோடாக் காரத்திலிருந்து இன்னொன்று. தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்த இவற்றை உலோகம் என்று சொல்லலாமா என்ற ஐயம் அப்போது எழுந்தது. பளபளப்பும் மின்கடத்தும் குணமும் இருப்பதால் உலோகமே என்று டேவி உறுதியாகச் சொன்னார். அந்த உறுதியைப் பெயரிலும் பதித்தார்: பொட்டாசியம், சோடியம். அடுத்த ஆண்டே கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்சியம்.

பொட்டாசியம் என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் அடுப்படி வாசனை வரும். விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, வடித்து, சட்டியில் காய்ச்சி எடுத்த காரத்துக்கு ஆங்கிலத்தில் 'சட்டிச் சாம்பல்' என்று பெயர், அதுதான் பொட்டாஷ். அதன் மேல் ஒரு லத்தீன் விகுதியைப் போர்த்தினார் டேவி. கால்சியமும் அப்படித்தான், 'கால்க்ஸ்' என்றால் சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு.

வகுப்பில் அடுத்த கேள்வி எப்போதும் இதுதான்: பொட்டாசியத்துக்குக் குறியீடு ஏன் 'கே'? ஜெர்மானியர் அதைக் 'காலியும்' என்றார்கள். மூலம் அரபுச் சொல்; காரச் சாம்பல் தரும் செடியையும் அந்தச் சாம்பலையும் குறித்தது. சோடியம் அவர்களுக்கு 'நாட்ரியும்'. குறியீடு அங்கிருந்து வந்தது, நாம் புழங்கும் பெயர் டேவியிடமிருந்து வந்தது. எந்தப் பெயரை எடுத்தாலும் கடைசியில் இருப்பது ஒரே விகுதி.

ஹீலியம் வாயு ஆயிற்றே, அதற்கு எப்படி உலோக விகுதி வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் கதை சென்னை மாகாணத்தில் நடக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைக் காணப் பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் குண்டூருக்கு வந்து கருவிகளை நிறுத்தினார். சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். இரண்டு ஊர்களும் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது பளிச்சென்ற கோடுகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று மஞ்சள். சோடியத்தின் மஞ்சள் கோடுகளுக்கு மிக அருகில், ஆனால் சரியாக அந்த இடத்தில் இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர் என்ற வானியலாளர், கிரகணம் இல்லாமலேயே அந்தக் கோட்டைப் பார்த்தார். பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் அது பொருந்தவில்லை. கிரேக்கத்தில் சூரியன் 'ஹீலியோஸ்'. புதிய பொருள் ஓர் உலோகமாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் 'இயம்' சேர்ந்தது. 1895இல் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவை அமிலத்தில் இட்டு வந்த வாயுவைச் சோதித்தபோது அதே மஞ்சள் கோடு கிடைத்தது. ஹீலியம் உலோகமே இல்லை! அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது.

அதன் உறவுகளான ஆர்கான், நியான், கிரிப்டான், செனான் எல்லாம் கிரேக்க முறையில் 'ஆன்' என்று முடிகின்றன. ஹீலியமும் 'ஹீலியான்' என்று இருந்திருக்க வேண்டும். பெயரில் ஒரு தவறு நின்றுபோயிருக்கிறது. அந்தத் தவறில்தான் கண்டுபிடிப்பின் வரலாறே பதிந்திருக்கிறது. திருத்தாமல் விட்டது நல்லது என்றே நான் எண்ணுகிறேன்.

இந்தியாவின் பெயரில் ஒரு தனிமம் இருக்கிறதாமே?

இண்டியம். நேரடியாக நாட்டின் பெயரால் வைத்தது அல்ல. 1863இல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகரில் ரைக், ரிக்டர் இருவரும் ஒரு துத்தநாகத் தாதுவை ஆராய்ந்தபோது நிறமாலையில் ஆழ்ந்த நீலக் கோடு ஒன்று தெரிந்தது. இண்டிகோ நீலம். அந்த நிறத்தின் பெயரிலிருந்து இண்டியம். ஆனால் அந்த நிறத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? 'இந்தியப் பொருள்' என்று கிரேக்கரும் ரோமானியரும் நம் நாட்டிலிருந்து வந்த நீலச் சாயத்தை அழைத்ததால். நம் ஊரில் அவுரி என்று சொல்லும் செடிதான். கைப்பேசியின் தொடுதிரையில் மெல்லிய படலமாக இருப்பது இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்சைடு.

அமெரிக்கர்கள் 'அலூமினம்' என்கிறார்களே, அது தவறா?

தவறு இல்லை. டேவி 1808இல் இந்த உலோகத்துக்கு 'அலுமியம்' என்ற பெயரை முன்வைத்தார், உலோகத்தைத் தனியாகப் பிரித்தெடுப்பதற்கு முன்பே. 1812இல் அவரே 'அலூமினம்' என்று மாற்றினார். பிரிட்டனில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. சோடியம், பொட்டாசியம் என்ற வரிசையில் 'அலுமினியம்' என்பதுதான் செவிக்கு லத்தீனாக ஒலிக்கிறது என்று வாதாடினார்கள். 1925இல் அமெரிக்க வேதியியல் கழகம் 'அலூமினம்' என்பதை ஏற்றது. பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1990இல் 'அலுமினியம்' என்று முடிவுசெய்து, 1993இல் மற்றதையும் ஏற்கத்தக்க வடிவமாகச் சேர்த்தது. பிளாட்டினம், மாலிப்டினம், டான்டலம் ஆகியவற்றில் இகரம் இல்லை, அவற்றை எவரும் குறை சொல்வதும் இல்லை. ஆகவே அமெரிக்கர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பெட்ரோலியம், மியூசியம்?

இவற்றில் அந்த விகுதி இல்லை. பெட்ரோலியத்தின் பின்பாதி எண்ணெயைக் குறிக்கும் 'ஒலியும்' என்ற முழுச் சொல்; பாறை எண்ணெய் என்று பொருள். மியூசியம் கலைத் தேவியரின் இடம், கிரேக்கத்தில் 'மூசெயோன்'. இரண்டிலும் 'உம்' என்பதற்கு முன்னால் இருப்பது எகரம். தமிழ் எழுத்தில் வந்தவுடன் எல்லாம் ஒன்றாகிவிட்டன.

'பாக்டீரியாக்கள்', 'மீடியாக்கள்' என்று எழுதுவது பிழையா?

லத்தீன் இலக்கணப்படி 'இயம்' ஒருமை, 'இயா' பன்மை. பாக்டீரியம் ஒன்று, பாக்டீரியா பல. மீடியம் ஒன்று, மீடியா பல. அப்படியானால் 'பாக்டீரியாக்கள்' பன்மைக்கு மேல் பன்மை என்று சிலர் திருத்துகிறார்கள். நான் திருத்துவதில்லை. ஒரு மொழிக்குள் வந்த சொல் அந்த மொழியின் இலக்கணத்துக்குக் கட்டுப்படும். தமிழில் பாக்டீரியா என்பதே ஒருமைக்கும் வழங்குகிறது, ஆகையால் பன்மைக்குக் 'கள்' தேவைப்படுகிறது. ஸ்டேடியத்துக்குப் பன்மை 'ஸ்டேடியங்கள்' என்று எழுதுகிறோமே, 'ஸ்டேடியா' என்று எழுதினால் எவருக்குப் புரியும்?

பெண்ணியம், மார்க்சியம், காந்தியம் ஆகியவற்றில் இருப்பதும் இந்த லத்தீன் விகுதிதானா?

இல்லை. ஆங்கிலத்தில் கொள்கைகளைக் குறிக்கும் 'இசம்' கிரேக்கத்தின் வேறொரு விகுதியிலிருந்து வந்தது. 'இயோன்' என்பதோடு அதைக் குழப்பக் கூடாது. அந்த 'இசம்' என்பதற்கு ஈடாகத் தமிழில் 'இயம்' நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டில். சோடியத்தின் 'இயம்' வேறு, பெண்ணியத்தின் 'இயம்' வேறு. தமிழில் 'இயம்' தனிச்சொல்லாகவும் உண்டு. இசைக்கருவி என்று பொருள். சங்கப் பாடல்களில் வரும் 'பல்லியம்' பல வாத்தியங்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஹார்மோனியம் ஓர் 'இயம்' தானே என்று தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்க இனிமையாக இருந்தாலும் அது ஒலி ஒற்றுமை மட்டுமே.

அப்படியானால் காரியம், வாக்கியம், வாத்தியம்?

இங்கேதான் உண்மையான உறவு இருக்கிறது. இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

காரியம், வாக்கியம், வாத்தியம், வீரியம், இராச்சியம் எல்லாம் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. அங்கே அவை 'ய' என்ற விகுதி பெற்று, அஃறிணைக்குரிய 'அம்' என்று முடிகின்றன. சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்தவை என்ற கருத்தை 1786இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் முன்வைத்தார். பின்வந்த மொழியியலாளர்கள் அதை ஒலி ஒலியாக நிறுவினார்கள். வடமொழியின் 'அம்', லத்தீனின் 'உம்', கிரேக்கத்தின் 'ஓன்' மூன்றும் அந்த மூலமொழியின் ஒரே முடிவிலிருந்து வந்தவை. நுகத்தடி வடமொழியில் 'யுகம்', லத்தீனில் 'யுகும்', கிரேக்கத்தில் 'சுகோன்'. இன்னும் எளிய சான்று வேண்டுமானால் 'தானம்'. லத்தீனில் கொடை 'டோனும்'. பழைய கல்வெட்டுகளில் 'டோனோம்' என்றே வெட்டியிருக்கிறார்கள். கோயில் கல்வெட்டில் நாம் படிக்கும் தானமும் அந்த 'டோனோம்' என்பதும் ஒரே வேரின் இரு கிளைகள்.

அதேபோல வடமொழியின் 'யம்', லத்தீனின் 'இயும்', கிரேக்கத்தின் 'இயோன்' மூன்றும் உடன்பிறப்புகள். ஆகவே இராச்சியத்தின் 'இயம்' என்பதற்கும் சோடியத்தின் 'இயம்' என்பதற்கும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே வீடு. ஒன்று வடக்கிலிருந்து நம்மிடம் வந்தது. மற்றொன்று ரோம், லண்டன் எல்லாம் சுற்றிவிட்டு ஆங்கிலப் பாடப்புத்தகம் வழியாக வந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்டது ஒரு தமிழ் வாக்கியத்தில்.

ஒரு தெளிவு கட்டாயம் வேண்டும். இதை வைத்து மரம், குளம், பழம் ஆகியவற்றின் 'அம்' என்பதும் லத்தீனோடு உறவுடையது என்று சொல்லிவிடக் கூடாது. அது திராவிட மொழிகளின் சொந்த முடிவு. தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் சான்றுகளோடு எழுதினார். உறவு உள்ள இடத்தில் உறவைச் சொல்ல வேண்டும், ஒலி மட்டும் ஒத்திருக்கும் இடத்தில் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சொல்லாராய்ச்சி என்ற பெயரில் இணையத்தில் பரவும் பலவற்றில் இந்த எல்லை தெரியாததுதான் எனக்கு வருத்தம்.

தமிழில் இந்தச் சொற்கள் அந்நியமாகவே தோன்றவில்லையே, ஏன்?

மகர மெய்யில் முடிவதால். 'மரம்' வேற்றுமை ஏற்கும்போது மகரம் கெட்டு 'அத்து'ச் சாரியை பெற்று மரத்தை, மரத்தில் என்று ஆகிறது. சோடியமும் ஒரு தடையும் இல்லாமல் சோடியத்தை, சோடியத்தில் என்று ஆகிறது. ஸ்டேடியத்துக்குப் போகிறோம், பிரீமியத்தைக் கட்டுகிறோம், ஹார்மோனியத்தில் வாசிக்கிறோம். பஸ், டிக்கெட் என்ற சொற்களுக்கு உகரமோ இகரமோ தேடி ஒட்ட வேண்டியிருக்கிறது. 'இயம்' என்று முடியும் சொல்லுக்கு நன்னூல் விதியே போதும். அலுமினியப் பாத்திரம், கால்சியக் குறைவு என்று தொகையாகும்போதும் மகரம் தானே விலகி, வல்லினம் மிகுந்து, மரப்பெட்டி போலவே நிற்கிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இந்தத் தனிமங்களின் முன்பகுதி வேறாக இருக்கும்: பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், ஈலியம். தமிழ் எழுத்து மரபை நம்மைவிடக் கண்டிப்பாகப் பின்பற்றியவர்கள் அவர்கள். தலைப்பகுதியில் இத்தனை வேறுபாடு இருந்தும் இரு கரையிலும் முடிவு ஒன்றே.

தனித்தமிழில் மாற்றிவிடலாமா?

தனிமங்களின் பெயரை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. எனக்குத் தூய தமிழின் மேல் பற்று உண்டு. தனிமம், சேர்மம் போன்ற சொற்களை ஆசையோடு கற்பித்திருக்கிறேன். ஆனால் தனிமத்தின் பெயர் உலகுக்குப் பொதுவானது, குறியீட்டோடு கட்டுண்டது. மேற்படிப்புக்குப் போகும் பிள்ளை இரண்டு முறை மனப்பாடம் செய்யும்படி ஆகக் கூடாது. தமிழின் இலக்கணமே மறுக்காத ஒரு முடிவை நாம் ஏன் மறுக்க வேண்டும்? ஸ்டேடியத்தை விளையாட்டரங்கம் என்றும் ஆடிட்டோரியத்தைக் கலையரங்கம் என்றும் எழுதுவது வேறு. அவை நல்ல சொற்கள், பொருளும் தெளிவு, பலகைகளில் இன்னும் அதிகமாக எழுதலாம்.

மருத்துவ அறிக்கைகளில் வரும் 'இயம்' எதைக் குறிக்கும்?

பெரும்பாலும் ஒரு படலத்தை அல்லது திசுவை. இதயத்தைச் சுற்றிய உறை பெரிகார்டியம். 'பெரி' என்றால் சுற்றி. கருப்பையின் உட்படலம் எண்டோமெட்ரியம். 'எண்டோ' என்றால் உள்ளே. ஸ்கேன் அறிக்கையில் இந்தச் சொல்லைக் கண்டதுமே நோயின் பெயர் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அது எல்லாப் பெண்களுக்கும் இருக்கும் ஓர் உறுப்புப் பகுதியின் பெயர். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'ஓமா' என்று முடிந்தால் பெரும்பாலும் கட்டி. 'இயம்' என்று முடிவதாலேயே அஞ்ச வேண்டியதில்லை.

இனி கண்டுபிடிக்கப்படும் தனிமங்களுக்கும் இதே விகுதிதானா?

விதி எழுதியே வைத்திருக்கிறார்கள். 2016இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் வெளியிட்ட பரிந்துரைப்படி, அட்டவணையின் முதல் 16 தொகுதிகளில் வரும் புதுத் தனிமத்துக்கு 'இயம்'. உப்பீனிகளின் தொகுதியில் வந்தால் குளோரினைப் போல 'இன்'. மந்த வாயுக்களின் தொகுதியில் வந்தால் 'ஆன்'. அதே ஆண்டில் பெயர் பெற்றவை நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசான். ஹீலியத்தில் நேர்ந்த குழப்பம் மீண்டும் வராது. 119ஆம் தனிமத்தை இன்னும் எவரும் உருவாக்கவில்லை. அது வரும்வரை ஒன்று, ஒன்று, ஒன்பது என்ற எண்களை லத்தீனிலும் கிரேக்கத்திலும் கோத்து 'உனுனென்னியம்' என்று ஒரு தற்காலிகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.